கைக்கும் சாலைக்கும் நடுவே

மலாக்காவின் பழைய மாட்டுவண்டிக்கு, உலகத்தின் மற்றெல்லா இரட்டைச் சக்கர வண்டிகளையும் போலவே, ஸ்டியரிங் என்று ஒன்று ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. மாடு எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறதோ அந்தப் பக்கம் நுகத்தடி திரும்ப, நுகத்தடியோடு ஏர்க்காலும் திரும்ப, அச்சில் தனித்தனியே சுழலும் இரண்டு சக்கரங்களில் உட்புறத்தது மெதுவாகவும் வெளிப்புறத்தது வேகமாகவும் உருண்டு, எதுவும் தரையைத் தேய்க்காமல் வண்டி வளைந்துவிடுகிறது. சிரமம் ஆரம்பிப்பது நான்கு சக்கரங்களோடுதான். ஒரே நேர்கோட்டில் பிடிவாதமாக உருள விரும்பும் இரண்டு அச்சுகளை ஒன்றுக்கொன்று விரோதமின்றி வளைவில் செலுத்துவது எப்படி என்ற கேள்வி, தேர் செய்த நம் முன்னோருக்கும் எழுந்தது, சாரட்டு வண்டி செய்த ஐரோப்பியருக்கும் எழுந்தது.

நம்மவர் கண்ட விடை முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேரின் அச்சுகள் அசையாதவை. வீதியின் முனையில், வடம் பிடிப்போர் இழுக்கும் அதே வேளையில், முட்டுக்கட்டை போடுவோர் சரிவாகச் சீவிய மரக்கட்டைகளைக் குறிப்பறிந்து சக்கரத்தின் அடியில் செருக, ஒரு பக்கம் தடைப்பட்டு மறுபக்கம் முன்னேறி, மலை போன்ற அந்தத் தேர் அங்குலம் அங்குலமாக வீதி திரும்புகிறது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தார்கள். ஆனால் திருப்புகிற வேலை இன்றைக்கும் கட்டை போடுவோரின் கையிலும் கண்ணிலுமே இருக்கிறது. சக்கரம் தரையில் உராய்ந்து வழுக்குவதைத் தவிர்க்க முடியாத முறை அது. நிதானமாக நகரும் தேருக்கு அதனால் குற்றமில்லை, வேகமாக ஓடும் வாகனத்துக்கு அது உதவாது.

ஐரோப்பாவின் சாரட்டுகளில் முன் அச்சு முழுவதுமே நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பியது. வளைவு கூர்மையாகும்போது முன்பக்கத்துத் தாங்குதளம் ஒடுங்கிப் போய், வண்டி கவிழ்வதும் உண்டு. ம்யூனிக் நகரத்துச் சாரட்டு வினைஞரான கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் என்பவர், அச்சை அசையாமல் நிறுத்திவிட்டு, அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களை மட்டும் தனித்தனி ஆணிகளில் திருப்பும் உபாயத்தைக் கண்டார். லண்டனில் அவருடைய பிரதிநிதியாக இருந்த ருடால்ஃப் அக்கர்மன் 1818-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டவர் பெயர் மறைந்து, பதிவு செய்தவர் பெயரே இன்றும் சாஸ்திரத்தில் நிலைத்திருக்கிறது.

அக்கர்மன் விதியின் சூட்சுமம் இதுதான்: வாகனம் வளையும்போது நான்கு சக்கரங்களின் அச்சு ரேகைகளும், நீட்டிப் பார்த்தால், பின் அச்சின் ரேகையிலுள்ள ஒரே கேந்திரத்தில் சந்திக்க வேண்டும், அப்படிச் சந்திக்க வேண்டுமானால் உட்புறத்து முன்சக்கரம் வெளிப்புறத்ததைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். மாரிஸ் மைனர் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 86 அங்குலம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 அங்குலம். இந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், உட்புறச் சக்கரம் 30 பாகை திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் 23 பாகைக்கும் 24 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும் என்று வருகிறது. சக்கரத்தைத் திருப்பும் சிறு கைகளை நேராக வையாமல் உள்நோக்கிச் சாய்த்து வைத்தே இந்த வித்தியாசத்தைப் பொறியாளர்கள் உண்டாக்குகிறார்கள். பழைய காரின் ஸ்டியரிங்கைச் சீர்திருத்தப் புகுகிறவர், வேறு வண்டியின் ராக்கை, அதாவது ஸ்டியரிங்கின் பல் தண்டை, கழற்றி வந்து இரண்டு அங்குலம் முன்னே தள்ளியோ உயர்த்தியோ பொருத்திவிட்டால், அந்தக் கைகளின் சாய்வும் அவற்றோடு இணைந்த டை ராடின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், இருநூறு வருஷத்துச் சாஸ்திரம் ஒரே பிற்பகலில் அழிந்து போகிறது.

மாரிஸ் மைனரை இங்கே உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் ஒரு காலத்து ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை நினைவுகூர்கிற பெரியவர்களிடம் கேட்டால், துரையிடம் லேண்ட் ரோவர் இருந்தது என்பார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோ பெரிய கிராணியோ வாங்கக்கூடிய வண்டிகளில் மைனரும் ஒன்று என்பார்கள். மழையில் குழம்பாகவும் வெயிலில் புழுதியாகவும் மாறும் செம்மண் சாலையில், பால்மரங்களின் நிழலூடே அது சென்றது. இன்றைக்குப் பால்மரத்தின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துக்கொண்டது. லயத்து ஜனங்கள் பலர் பட்டணம் சேர்ந்தார்கள். ஆயினும் தகப்பனாரின் காரை விற்க மனமில்லாமல் வீட்டுக் கொட்டகையில் வைத்திருப்பவர்களும், அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் சொல்லும் குறை ஸ்டியரிங்கைப் பற்றியதாகவே இருக்கிறது: கை வலிக்கிறது, வண்டி அலைகிறது, பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாமா?

அந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன், இந்தக் குறை மைனருக்குப் பிறவிக் குறையா என்று பார்க்க வேண்டும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது; 1971 வரை தயாரிக்கப்பட்டது; பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. அக்காலத்துச் சிறு கார்களில் பெரும்பாலானவை, திருகுச் சுருளும் அதில் பதிந்து நகரும் ஆப்பும் கொண்ட ஸ்டியரிங் பெட்டியை உபயோகித்தன. பெட்டியிலிருந்து ஒரு கை, கையிலிருந்து ஒரு தண்டு, தண்டிலிருந்து இன்னொரு கை என்று மூட்டுக்கு மூட்டு அசைவு கைமாறிச் செல்லும். ஒவ்வொரு மூட்டும் சிறிது தேய்ந்தாலே போதும், ஸ்டியரிங் சக்கரத்தில் நாலு விரல் அகலம் வெறும் ஆட்டமாகக் கழியும். இஸிகோனிஸ் அவற்றையெல்லாம் விலக்கி, ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரமும், அது கவ்வி நகர்த்தும் பல் வெட்டிய நீளத் தண்டும் வைத்தார். பற்சக்கரம் பினியன், பல் தண்டு ராக். என்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் அந்த ராக்கின் இரு முனைகளிலிருந்தும் டை ராடுகள் நேரே சக்கரங்களுக்குச் செல்கின்றன. கைக்கும் சக்கரத்துக்கும் இடையே இதைவிடக் குறுகிய வழி இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஸ்டியரிங்கை இரண்டரைச் சுற்றுக்குச் சற்றே மேல் திருப்பினால் போதும். புதிதாக இருந்த நாளில் இந்தக் காரின் ஸ்டியரிங்கைப் புகழாத பத்திரிகை விமரிசகர் இல்லை என்றே சொல்லலாம். ஆகையால், மைனரின் ஸ்டியரிங் இன்று கனக்கிறது என்றால், அந்தக் கனம் பிற்பாடு வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

அதை அறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பிய நிலையில் ஸ்டியரிங்கை ஒரே விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். விரலுக்கு இணங்கித் திரும்பினால், கனம் முழுவதும் டயரும் தரையும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. தரையைத் தொடாதபோதும் கனத்தால், மூட்டுகளுக்குள் உராய்வு குடிகொண்டிருக்கிறது. இந்த இரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு வேறு. பிரித்தறியாமல் பவர் ஸ்டியரிங் மோட்டாரைப் பொருத்துகிறவர், காரணம் கேட்காமல் வலிக்கு மாத்திரை கொடுக்கிற வைத்தியரைப் போன்றவர்.

டயரின் கனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது மலாக்காவின் மண்ணோடு நேரடிச் சம்பந்தமுள்ள விஷயம். 1896-ல், டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. பின்னர் புக்கிட் ஆசாகானில் இன்னும் பெரிய பரப்பில் பயிர் பரவியது. டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டு அப்போது எட்டு வருஷமே ஆகியிருந்தது. மோட்டார் வாகனம் குழந்தைப் பருவத்தில் இருந்தது. அந்த டயர்களுக்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கப்பலேறி வந்து, விடியற்காலை இருட்டில் பால் வெட்டினார்கள். உலகத்தின் மோட்டார் சாஸ்திரத்தில் தமிழ்த் தொழிலாளியின் பங்கு எது என்று யாராவது கேட்டால், சாலையைத் தொடுகிற அந்தக் கடைசி அங்குல ரப்பரைச் சுட்டிக் காட்டலாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்டியரிங்கின் குணமும் தோஷமும் பெரும்பாலும் அந்த அங்குலத்தில்தான் நிர்ணயமாகின்றன.

மைனரின் மொத்த எடை ஏறத்தாழ 750 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு முன்சக்கரத்தின் மேலும் சுமார் 200 கிலோ பாரம் இறங்குகிறது. டயருக்குள் இருக்க வேண்டிய காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 22 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடுகிற பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர் என்று கிடைக்கிறது. கார் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால், இந்தப் பரப்பு முழுவதையும் தரையின்மேல் திருகித் தேய்க்க வேண்டும். அதற்கு வேண்டிய முறுக்கு, பாரம் கூடக் கூட அதைவிட வேகமாகக் கூடுகிறது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலம் குறையக் குறைய அதற்கேற்ப உயர்கிறது. கொட்டகையில் மாதக்கணக்காக நின்ற காரில் காற்று பாதியாகக் குறைந்திருந்தால், ஸ்டியரிங்கின் கனம் 1.4 மடங்காகிறது. ஒரு காசும் செலவில்லாத முதல் சீர்திருத்தம், ஆகவே, காற்றடிப்பது.

அடுத்தது டயரின் ஜாதி. மைனர் பிறந்த காலத்து டயர்களில் நூலிழைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிவாகக் குறுக்கிட்டுச் செல்லும், இவை கிராஸ்-பிளை. பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946-ல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காகச் செல்ல, அவற்றின்மேல் ஓர் உறுதியான பட்டை இடுப்புக் கச்சை கட்டினாற்போல் சுற்றி வருகிறது. அந்தப் பட்டை வளைவில் டயரின் முகத்தை நெளியவிடாமல் பிடித்துக்கொள்வதால், கார் சொன்ன இடத்தில் திரும்புகிறது. மழைச் சாலையில் பிடிப்பும் கூடுகிறது. அதே விறைப்பு, நிற்கிற நிலையில் திருப்பும்போது கைக்குக் கனமாகத் தெரிகிறது. இயற்கை ரப்பர் அதிகம் வேண்டுகிற டயர் இது. செயற்கை ரப்பரின் வரவால் தோட்டங்கள் கலங்கிய காலத்தில் பால்மரத்துக்கு ஓர் ஆதரவாக ரேடியல் அமைந்ததும் அதனால்தான். மைனருக்கு ரேடியல் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். 145 மில்லிமீட்டர் அகலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அழகுக்காக அகலமான வளையங்களைப் பூட்டி, டயரை மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிற்க வைக்கிறவர்கள், சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அதற்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை நீட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு குழியும் கையை உதைக்கிறது. அந்த உதையை அடக்கப் பவர் ஸ்டியரிங் வேண்டும் என்று கேட்பது, தானே உண்டாக்கிய நோய்க்கு மருந்து கேட்பதாகும்.

இனி உராய்வுக்கு வருவோம். மைனரைப் பொறுத்தவரை இதுவே பிரதானமான விஷயம். உயிருக்கு அபாயமும் இங்கேதான் இருக்கிறது. இக்காலத்துக் கார்களில் முன்சக்கரம் பால் ஜாயிண்ட் எனப்படும் பந்துமூட்டில் திரும்புகிறது. மைனரில் அப்படியில்லை. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த கிங் பின்னின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் திருகு மரை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மரைகள் டிரன்னியன் என்ற இரண்டு உலோகக் கட்டிகளுக்குள் திருகி நுழைந்திருக்கின்றன. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கிங் பின் அந்த மரைகளில் சிறிது ஏறியும் இறங்கியும் சுழல்கிறது. இடப்பக்கத்து மரை ஒரு திசையிலும் வலப்பக்கத்து மரை எதிர்த்திசையிலும் வெட்டப்பட்டிருப்பதால், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பொருத்த முடியாது. மரையின் பரப்பு விரிந்தது. பாரத்தைப் பங்கிட்டுத் தாங்குகிறது. கிரீஸ் இருக்கும்வரை ஆச்சரியமான மிருதுவோடு வேலை செய்கிறது.

கிரீஸ் இருக்கும்வரை என்பதே இதில் முக்கியம். அக்காலத்துக் கைப்புத்தகம் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கச் சொன்னது. தோட்டத்துப் பட்டறையில் லாரிக்கும் டிராக்டருக்கும் கிரீஸ் அடிக்கும் ஆள் ஒருவர் எப்போதும் இருந்த காலத்தில் அது ஒரு சிரமமாகவே தோன்றியிராது. கார் பட்டணம் வந்து கைமாறிய பிறகு, கிரீஸ் நிப்பிள் எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்களிடம் அது சேர்கிறது. செம்மண் தூசியில் உள்ள நுண்ணிய கடின மணல், வறண்ட கிரீஸோடு கலந்து அரம் போல மரையைத் தின்கிறது. ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீர் புகுந்து துருவாகிறது. ஆரம்பத்தில் ஸ்டியரிங் கனக்கும்; பின்னர், மரை தேய்ந்து தளர்ந்ததும், கனம் குறைந்து இலேசாவதுபோல் கூடத் தோன்றும். அந்த இலேசு நல்ல அறிகுறியன்று. கீழ் மரை முழுதும் அற்றுப்போன அன்று, பெரும்பாலும் மெதுவாகச் செல்லும்போது ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்த வேளையில், கிங் பின் டிரன்னியனை விட்டுக் கழன்று, சக்கரம் மட்கார்டின் அடியில் மடிந்து விழுகிறது. மைனரைப் பற்றி அறிந்தவர்கள் உலகெங்கும் முதலில் எச்சரிப்பது இதைத்தான்.

ஜாக்கியில் நிற்கும் சக்கரத்தின் தலையையும் அடியையும் இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் டிரன்னியனின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடின் முனைகளிலுள்ள ஆட்டம் தெரியும். புதிய கிங் பின்னும் டிரன்னியனும் இன்றைக்கும் வெளிநாட்டு மைனர் உதிரிபாக வியாபாரிகளிடம் கிடைக்கின்றன; அவற்றை மாற்றி, பாரம் இறங்காத நிலையில் புதிய கிரீஸ் விளிம்பில் பிதுங்கி வரும்வரை அடித்தாலே, பலருடைய மைனரில் பவர் ஸ்டியரிங்கைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோகும்.

ராக்கையும் பார்க்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர்த் துருத்திகள் இந்நாட்டு வெப்பத்தில் வெடித்து, உள்ளே இருக்க வேண்டிய கியர் எண்ணெய் ஒழுகிப் போயிருக்கும். ராக்கின் பல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுவிலுள்ள பற்களே அதிகம் தேய்கின்றன. நடுவில் இருக்கும் ஆட்டத்தைப் போக்கவென்று அழுத்துத் தகட்டை இறுக்குகிற மெக்கானிக், தேயாத ஓரப் பற்களில் அது பிடித்துக்கொள்வதைக் கவனிக்கத் தவறினால், முழு வளைவில் திரும்பிய ஸ்டியரிங் திரும்பி வர மறுக்கும். கோடிக்குக் கோடி இறுக்கமின்றி ஓடும்படி வைத்து, நடுவில் எஞ்சுகிற சிறு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்வதோ, ராக்கையே மாற்றுவதோதான் முறை.

திரும்பி வர வேண்டும் என்றேனே, அந்தத் திரும்பி வருதல் என்ன சக்தியால் நிகழ்கிறது? கிங் பின் செங்குத்தாக நிற்பதில்லை. மைனரில் அதன் தலை சுமார் 3 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு ரேகையைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் முன்னால் விழும். சக்கரம், ஆகவே, தன் அச்சுக்குப் பின்னே இழுபட்டு வருகிறது. பக்கவாட்டு விசை எழுந்ததும் அது சக்கரத்தை நேராக்கவே முயல்கிறது. இதோடு இன்னொரு சூட்சுமமும் சேர்கிறது. வளைவில் டயரின் ரப்பர் தரையைப் பற்றிய இடத்திலிருந்து பின்னே செல்லச் செல்ல அதிகமாக வளைவதால், பக்க விசையின் மையம் தொடுபரப்பின் நடுவில் இராமல் சற்றுப் பின்தள்ளி அமைகிறது. அதுவும் ஸ்டியரிங்கை நேராக்கத் தூண்டுகிறது. டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது அந்த மையம் முன்னே நகர, கையில் தெரியும் எதிர்ப்பு திடீரென்று குறைகிறது. மாலை மழை பெய்து ஓய்ந்த வேளையில், செம்பனை லாரிகள் வாரி இறைத்த சேறு படிந்த ஜாசின் சாலை வளைவில் ஸ்டியரிங் கணநேரம் இலேசானால், சக்கரம் வழுக்கப் போகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிகிற எச்சரிக்கை அது.

ஸ்டியரிங் இருவழிப் பாதை. கையின் கட்டளை அதன் வழியாகச் சாலைக்குச் செல்கிறது. சாலையின் நிலைமை அதே வழியாகக் கைக்கு வருகிறது. பழைய காரின் ஸ்டியரிங்கில் எந்த மாற்றம் செய்தாலும், முதல் வழியை இலேசாக்கும்போது இரண்டாம் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது. மோட்டாரைக் கடைசியில் வைத்ததும் இதனாலேயே. உராய்வும் தேய்வும் நிறைந்த ஸ்டியரிங்கின்மேல் மோட்டாரை ஏற்றினால், மோட்டார் அந்த உராய்வையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். டிரன்னியன் அற்றுப் போகும் நாள்வரை கைக்கு ஒன்றும் தெரியாது.

இவ்வளவும் செய்த பிறகும், வயதான ஒருவருக்கோ தோள்வலி உள்ளவருக்கோ, தங்கக் கொல்லர் தெரு போன்ற மலாக்காப் பழம்பட்டணத்தின் குறுகிய சந்துகளில் காரை நிறுத்தி எடுப்பது சிரமமாக இருக்குமானால், அப்போது யந்திர உதவியை நாடுவதில் தவறில்லை. ஸ்டியரிங் சக்கரத்தைப் பெரிதாக்கலாம், ராக்கின் விகிதத்தைக் குறைக்கலாம். ஆனால் நெம்புகோலின் விதி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும். பாதி பலம் போதுமென்றால் இரண்டு மடங்கு சுற்ற வேண்டும். இந்த விதியைத் தாண்ட வெளியிலிருந்து சக்தி வர வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே பியர்ஸ்-ஏரோ கார் ஒன்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். கடையில் வாங்கும் காரில் அது வர 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பும் குழாய்களும் கொண்ட அந்த முறைக்கு மைனரின் சிறு என்ஜினில் இடமுமில்லை, வீணாக்கச் சக்தியுமில்லை. 1988-ல் ஜப்பானின் சுஸுகி செர்வோவில் தோன்றிய மின்சார ஸ்டியரிங்கே இதற்கு ஏற்றது.

மலேசியாவில் இதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரோடுவா மைவியின் ஸ்டியரிங் தண்டிலேயே மோட்டார் அமைந்திருக்கிறது. கழித்த மைவியிலிருந்து அதை எடுத்து, பவர் ஸ்டியரிங் இல்லாத கஞ்சில் காரில் பொருத்துவது இங்கே பட்டறைகளுக்குப் பழக்கமான வேலை. அதன் உள்ளே, ஸ்டியரிங் தண்டு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு மெல்லிய முறுக்குக் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. கை திருப்பியதும், சக்கரம் எதிர்க்கும் அளவுக்குத் தக்கபடி அந்தக் கம்பி ஒரு சில பாகை முறுக்கேறுகிறது. உணரி அந்த முறுக்கை அளக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கேற்ற மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்ப, மோட்டார் திருகுப் பற்சக்கரத்தின் வழியே தண்டைத் தள்ளிவிடுகிறது. மைனரின் முன்பாரத்தைத் தாங்குவதும் முறுக்குக் கம்பிகளே என்பதைக் காரை அறிந்தவர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இஸிகோனிஸ் பாரத்தைத் தாங்கவைத்த அதே உலோக குணம், இங்கே கையின் எண்ணத்தை அளக்கிறது.

பொருத்துவதில் மூன்று இடையூறுகள். முதலாவது மின்சாரம். மைனரில் இருப்பது டைனமோ. பிந்திய மாதிரிகளில்கூட அது தரக்கூடியது 22 ஆம்பியர் மட்டுமே. என்ஜின் மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைப்பதில்லை. காரை நிறுத்தும் வேளையில் மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்த வேளையில்தான் என்ஜினும் மெதுவாக ஓடுகிறது. ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்று: மைனரில் பாட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது, இக்காலத்துக் கருவிகளெல்லாம் எதிர்முனையை உடலோடு இணைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. முனைகளை மாற்றாமல் கம்பியைச் சேர்த்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி அக்கணமே கருகும்.

இரண்டாவது வேகச் செய்தி. நிற்கும்போது அதிக உதவியும் ஓடும்போது குறைந்த உதவியும் தருவதே இந்த ஸ்டியரிங்கின் புத்தி. அதற்கு வண்டியின் வேகம் அதற்குத் தெரிய வேண்டும். மைனரின் வேகமானி ஒரு சுழல் கம்பியால் இயங்குவது. மின்செய்தி எதுவும் அதிலிருந்து வராது. செய்தி கிடைக்காத கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சில, எப்போதும் ஒரே நடுத்தர உதவியைத் தந்துகொண்டிருக்கும். ஆயர் குரோவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் காற்றில் சுழல்வதுபோல் இலேசாகி, மேலே சொன்ன எச்சரிக்கையெல்லாம் கைக்கு எட்டாமல் போகும். வேகமானிக் கம்பியில் ஒரு சிறு உணரியை வைத்துச் செய்தியை உண்டாக்கித் தருவதே சரியான வழி; அதைச் செய்யாமல் விடுகிறவர் வேலையைப் பாதியில் விட்டவரே.

மூன்றாவது தண்டின் இணைப்பு. மைனரின் தண்டு ஒரே நேர்க்கோடு; மோட்டார் தண்டைச் சேர்க்கும்போது ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் புகுந்துவிடுகிறது. இந்த மூட்டு கோணத்தில் சுழலும்போது சமவேகமாகச் சுழல்வதில்லை. 30 பாகை கோணத்தில், ஒரே சுற்றுக்குள் வெளித்தண்டின் வேகம் உள்தண்டின் வேகத்தைப்போல் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்குவரை ஏறி இறங்கும். கை ஒரே சீராகத் திருப்பினாலும் சக்கரம் தயங்கியும் பாய்ந்தும் திரும்பும். இரண்டு மூட்டுகளைச் சம கோணத்தில் வைத்து, அவற்றின் கவைகளை ஒரே தளத்தில் நிறுத்தினால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடு செய்துவிடும். தண்டை வெட்டி வெல்டு செய்வதை நான் எந்தக் காலத்திலும் ஆதரிக்க மாட்டேன். பல் வெட்டிய முனைகளும் குறுக்கே போல்ட்டும் கொண்ட மூட்டுகளையே உபயோகிக்க வேண்டும். இந்த மாற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு: ஓட்டுநரின் மார்புக்கு நேரே ஈட்டிபோல் நிற்கும் பழைய தண்டு, மூட்டுகள் புகுந்ததால் மோதலில் மடிய இடம் பெறுகிறது.

இத்தகைய மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். வேலையைத் தொடங்குமுன் அதைக் கேட்டறிவதே உசிதம். பழைய தண்டையும் தாங்கிகளையும் எறிந்துவிடாமல், உடலில் புதிய துளை ஒன்றும் போடாமல், வேண்டும்போது பழையபடியே மாற்றக்கூடியவாறு பொருத்தினால், அந்தக் காருக்கு நாம் செய்யும் மரியாதையும் குறையாது.

எல்லாம் பூட்டியான பிறகு, சம தரையில், முன்சக்கரங்கள் இரண்டின் முன்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் பின்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அச்சின் உயரத்தில் அளக்க வேண்டும். மைனரின் கைப்புத்தகப்படி முன்தூரம் 3/32 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். ரேடியல் டயரானால் இன்னும் சற்றுக் குறைந்த வித்தியாசமே போதும். இரண்டு டை ராடுகளையும் சம அளவில் திருப்பியே இந்த அளவைக் கொண்டுவர வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் ராக்கின் நடுவும் ஸ்டியரிங்கின் நடுவும் வேறுபட்டு, இடது வளைவும் வலது வளைவும் சமமாக இரா. பூட்டு நட்டுகளை இறுக்கியபின் ஒரு வாரம் செம்மண் சாலையிலும் தார்ச் சாலையிலும் ஓட்டிவிட்டு மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். புதிதாகப் போட்ட ரப்பர் புஷ்கள் பாரத்தில் அழுந்தி இடம் பிடிக்கும்போது அந்த அளவு சிறிது நகர்ந்திருக்கும்.